குழந்தைகள் அசையட்டும், கேமரா பார்த்துக்கொள்ளும்

வாசகி ஒருவரின் கடிதம்: "மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஒன்றரை. இன்னும் மூன்று வாரத்தில் ஒரு பூங்காவில் குடும்பப் போட்டோ எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். மாமனார், மாமியாரும் வருகிறார்கள். போன வருடம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். மகள் அழுது தீர்த்துவிட்டாள். கடைசியில் கிடைத்த ஒரே படத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். இப்போது 'சிரி' என்றாலே அதே முகம்தான் வருகிறது. மகன் புது ஆளைப் பார்த்தால் என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. கணவருக்குப் பத்து நிமிடத்தில் பொறுமை போய்விடும். தினமும் வீட்டில் கேமரா முன் சிரித்துப் பழக்கலாமா? துணி, நேரம் எல்லாம் எப்படி முடிவு செய்வது? இவர்களை எப்படித் தயார் செய்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

சிரித்துப் பழக்க வேண்டாம். இன்றே அந்தப் பேச்சை நிறுத்திவிடுங்கள். தினமும் பழக்கினால் பல்லைக் கடித்த அந்த முகம்தான் இன்னும் உறுதிப்படும். உங்கள் மகள் அடம்பிடித்து அப்படிச் செய்யவில்லை. நீங்கள் சொன்னதை ஒழுங்காகச் செய்கிறாள், அவ்வளவுதான். வாயோரத்தை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும். கண்ணைச் சுற்றியிருக்கும் தசை அப்படி எளிதில் கேட்காது. பெரும்பாலும் உள்ளே சந்தோஷம் வந்தால்தான் அது சுருங்கும். துஷேன் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் 1862லேயே இதை எழுதிவிட்டார். கண்ணும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்புக்கு இன்றும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். "சிரி" என்று கட்டளை போட்டால் நாலு வயதுக் குழந்தையால் வாயை மட்டும்தான் தர முடியும். கண் வர வேண்டுமென்றால் சிரிப்பதற்கு ஏதாவது நடக்க வேண்டும். அதை நடத்துவது போட்டோ எடுப்பவரின் வேலை, உங்கள் கணவரின் வேலை, கொஞ்சம் உங்கள் வேலை. அவள் வேலை இல்லை.

அசையாமல் நிற்கச் சொல்லிப் பழக்குவதும் வேண்டாம். 1839இல் டாகேர் என்ற பிரெஞ்சுக்காரர் தன் புகைப்பட முறையை உலகுக்குக் காட்டியபோது ஒரு படம் பதிய நிமிடக்கணக்கில் ஆனது. அதற்குப் பிறகு வந்த முறைகளிலும் வெகுகாலம் சில நொடிகளாவது ஆடாமல் இருந்தாக வேண்டும். பெரியவர்களின் தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி நிறுத்துவார்கள். கைக்குழந்தை என்றால் அம்மாவே துணியால் தன்னை முழுக்க மூடிக்கொண்டு, குழந்தையை மடியில் அசையாமல் பிடித்துக்கொள்வாள். படத்தில் ஏதோ துணி போர்த்திய நாற்காலியில் குழந்தை இருப்பதுபோலத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் இப்படிப்பட்ட படங்கள் இன்றும் நிறையக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் துணிக்குள் இருக்கும் அம்மாவை நினைத்துக்கொள்வேன். அன்று வேறு வழி இல்லை. இன்று ஓடுகிற குழந்தையைத் தெளிவாகப் பிடிக்க ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும். மங்கலான வெளிச்சத்திலும் இன்றைய கேமராக்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கின்றன. கேமரா மாறிவிட்டது, "ஆடாதே, அசையாதே, இங்கே பார்" என்ற பேச்சு மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. ஆகவே, அவர்கள் அசையட்டும். அசைவுக்கு ஒரு இடமும் ஒரு விளையாட்டும் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அப்படியானால் தயார் செய்வது என்றால் என்ன? அந்த நாள் அவர்களுக்குப் பழகின நாள் மாதிரி இருக்க வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதுதான் தயாரிப்பு.

மகனை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்கள் அவனைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒன்றரை வயதில் வேற்றுமுகம் பார்ப்பது கோளாறு இல்லை. எட்டு மாதம் வாக்கில் அது தொடங்கும், பல குழந்தைகளுக்கு இரண்டாவது வயது முழுக்க இருக்கும். தெரிந்த முகத்தையும் தெரியாத முகத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். இந்த வயதுக் குழந்தை புது ஆளைப் பார்த்ததும் அடுத்து யாரைப் பார்க்கும்? அம்மாவைப் பார்க்கும். 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடித் தளத்தில் விட்டார்கள். பாதி தூரத்தில் கண்ணாடிக்கு அடியில் தரை இறங்கிப் பள்ளம் போலத் தெரியும். விழுந்துவிடுவோமா என்ற சந்தேகத்தில் குழந்தை அங்கே நின்று எதிரே இருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா சந்தோஷமான முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்துவிட்டார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. அம்மாக்கள் வாய் திறந்து ஒன்றுமே சொல்லவில்லை, முகம் மட்டும்தான்.

போட்டோவுக்குப் போகும் அன்றைக்கும் இதேதான் நடக்கும். போட்டோகிராபர் கிட்டே வரும்போது உங்கள் தோள் இறுகி, "ஐயோ, அழப்போகிறான்" என்ற எண்ணம் முகத்தில் வந்துவிட்டால், அவன் அதைப் படித்துவிடுவான். அவனிடம் "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். பயப்பட ஏதோ இருக்கிறது என்று அதுவே சொல்லிக்கொடுக்கும். அவனை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நீங்கள் போட்டோகிராபரிடம் சாதாரணமாகப் பேசுங்கள். வந்த வழி, வெயில், எதைப் பற்றியாவது. அவரை மகன் பக்கம் திரும்பவே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். நல்ல போட்டோகிராபர் இதைத் தானாகவே செய்வார். கேமராவைத் தூக்காமல், குழந்தையின் கண்ணை நேராகப் பார்க்காமல், சற்றுத் தள்ளிக் கீழே உட்கார்ந்து மகளிடம் மட்டும் பேசிக்கொண்டிருப்பார். அம்மாவும் அக்காவும் இந்த ஆளிடம் சகஜமாக இருக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் வேண்டும். அதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். "வந்து இவ்வளவு நேரம் ஆகியும் ஒரு படம்கூட எடுக்கவில்லையே" என்று பதற வேண்டாம். அந்த நேரம் வீணாகவில்லை.

அவன் இறங்க மறுத்தால் இறக்காதீர்கள். உங்கள் தோளில் சாய்ந்துகொண்டு கழுத்தோரமாக எட்டிப்பார்க்கும் ஒன்றரை வயதுக் குழந்தையின் படம் எவ்வளவு அழகாக இருக்கும் என்று எடுத்த பிறகு தெரியும். அந்த வயதுக்கே உரிய நிலை அது. ஒரு வருடம் கழித்து நீங்கள் கெஞ்சினாலும் அப்படி ஒட்டிக்கொண்டு இருக்க மாட்டான்.

மகளுக்கு வேறு வகைத் தயாரிப்பு. அவளுக்குப் போன வருடம் நினைவிருக்கலாம். படம் என்ற சொல்லைவிட அந்த அறையும் சத்தமும்தான் மனதில் தங்கியிருக்கும். மூன்று வாரம் முன்னதாகச் சொல்லி ஆவலைக் கிளப்பாதீர்கள். நாலு வயதுக்கு மூன்று வாரம் என்பது முடிவே இல்லாத காலம். இரண்டு மூன்று நாள் முன்பு சொன்னால் போதும். மகனுக்கு அன்று காலையில் சொன்னாலே அதிகம். அவளிடம் சொல்லும்போது அந்த நாளை வரிசையாகக் கதைபோலச் சொல்லுங்கள்: தூங்கி எழுந்து துணி மாற்றுவோம், தாத்தா பாட்டியோடு பூங்காவுக்குப் போவோம், அங்கே கேமரா வைத்துக்கொண்டு ஒரு அக்காவோ மாமாவோ இருப்பார், நாம் விளையாடும்போது அவர் படம் எடுப்பார், அப்புறம் வீட்டுக்கு வந்துவிடுவோம். அவர் முகத்தைப் போட்டோவில் காட்டுங்கள். முடிந்தால் இரண்டு நிமிடம் வீடியோ அழைப்பில் பேசவையுங்கள். என்ன நடக்கும், எப்போது முடியும் என்று தெரிந்த குழந்தைக்குப் பாதிப் பயம் போய்விடும்.

பொய் மட்டும் வேண்டாம். "சும்மா பூங்காவுக்குப் போகிறோம்" என்று சொல்லிக் கூட்டிப்போய் அங்கே சீப்பை எடுத்தால், அதோடு அந்த மாலை முடிந்தது.

அவளுக்கு ஒரு பொறுப்பும் கொடுங்கள். போட்டோகிராபருக்குத் தாத்தா பாட்டியை அறிமுகம் செய்வது, தம்பியின் பொம்மையை வைத்துக்கொள்வது, எந்த மரத்தடியில் முதலில் நிற்கலாம் என்று தேர்ந்தெடுப்பது. சின்னதாக இருந்தாலும் நிஜமான வேலையாக இருக்க வேண்டும். தம்பியைத் தூக்கிக்கொள்ளவோ பிடித்துக்கொள்ளவோ சொல்ல வேண்டாம். அவன் திமிறினால் பழி அவள் மேல் விழும். "தம்பிக்கு முத்தம் கொடு" என்றால் பல குழந்தைகள் விறைத்துக்கொள்ளும். "தம்பி காதில் ஒரு ரகசியம் சொல்லு" என்று சொல்லிப்பாருங்கள். அவள் குனிவாள், அவனுக்குக் காது கூசும், இரண்டு முகமும் ஒரே இடத்தில் இருக்கும், சிரிப்பு தானாக வரும். அதற்கும் அவள் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். படத்துக்காக யாரையும் கட்டிப்பிடிக்கவைப்பது எனக்கு உடன்பாடில்லை, பாட்டி ஆசைப்பட்டாலும் சரி.

வீட்டில் எதையாவது பழக்கியே ஆக வேண்டும் என்றால் விளையாட்டைப் பழக்குங்கள். உப்புமூட்டை தூக்குவது, கொஞ்ச தூரத்திலிருந்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொள்வது, எல்லோரும் தூங்குகிற மாதிரி நடித்துச் சட்டென்று எழுவது, மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்ப்பது. கேமரா இல்லாமல் விளையாடுங்கள். போனை எடுத்து அவர்கள் பக்கம் நீட்டாத நாட்களாக இந்த மூன்று வாரத்தில் சில நாட்களாவது இருக்கட்டும். ஓயாமல் படம் எடுக்கப்படும் குழந்தைக்குக் கேமராவைக் கண்டாலே சலிப்பு.

அங்கே போனதும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாத சில சொற்கள் இருக்கின்றன. "ஒழுங்காக நிற்காவிட்டால் அந்த மாமா திட்டுவார்", "ஊசி போட்டுவிடுவார்" என்பது முதலாவது. யாரை நம்பி அவள் சிரிக்க வேண்டுமோ அவரையே பூச்சாண்டி ஆக்கிவிடுகிறோம். அடுத்தது, போட்டோகிராபரிடம் மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்வது: "இவள் எப்பவும் இப்படித்தான், யாரோடும் பேசமாட்டாள்." பக்கத்தில் நிற்கும் குழந்தை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்டதும் அப்படியே ஆகிவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பது என் மனதார்ந்த வேண்டுகோள். தாத்தா பாட்டியிடமும் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவையுங்கள். பேரக்குழந்தைகளைப் பற்றி அவர்கள் அன்பாகச் சொல்கிற குறையும் குழந்தைக்குக் குறையாகத்தான் கேட்கும்.

கூப்பிடுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். எல்லோரும் சேர்ந்த படம் எடுக்கும்போது மாமனார் ஒரு பக்கம் கைதட்ட, நீங்கள் "இங்கே பாரு, இங்கே பாரு" என்று காதருகே சொல்ல, கணவர் மகனின் தாடையைத் திருப்ப, குழந்தை எங்கேதான் பார்க்கும்? போட்டோகிராபர் ஒருவர் மட்டும் கூப்பிடட்டும். பெரியவர்கள் எல்லோரும், குழந்தை என்ன செய்தாலும், லென்ஸைப் பார்த்துச் சிரித்த முகமாகவே இருங்கள். இது கேட்க எளிது, செய்யக் கடினம். பெரும்பாலான குடும்பப் படங்கள் கெடுவது குழந்தைகளால் இல்லை. குழந்தை கேமராவை அழகாகப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் நாலு பெரியவர்களும் குழந்தையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வரிசையைப் பற்றி என் யோசனை இது. மகன் பழகும் அந்தப் பத்து நிமிடத்தில் மாமனார், மாமியாரை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். படம் எடுப்பதில் வலி ஒன்றும் இல்லை என்று இரண்டு குழந்தைகளும் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். உடனே எல்லோரும் சேர்ந்த படம். அதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அது முடிந்ததும் பெரியவர்கள் நிழலில் உட்காரலாம். மீதி நேரம் விளையாட்டு. கடைசியில் குழந்தைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு நீங்களும் கணவரும் மட்டும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் பிறந்த பிறகு அப்படி ஒரு படமே இல்லாத தம்பதிகள் எத்தனையோ பேர்.

நேரம் என்றால் எல்லோரும் சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைச் சொல்வார்கள். வெளிச்சம் அப்போது மென்மையாக இருக்கும், உண்மைதான். ஆனால் உங்கள் மகன் அந்நேரத்தில் தூக்கத்துக்குச் சிணுங்கும் பிள்ளை என்றால் அந்த வெளிச்சத்தால் ஒரு பயனும் இல்லை. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. அதில் கை வைக்காதீர்கள். மதியம் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, அரை மணி நேரம் கழித்து எப்படி இருக்கிறான் என்று இந்த வாரம் கவனியுங்கள். காலையில் அவன் கலகலப்பாக இருப்பான் என்றால் காலையே வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்திலும் அதே மென்மையான வெளிச்சம்தான், பூங்காவில் கூட்டமும் இருக்காது. நடுவே ஏதாவது நேரம்தான் ஒத்துவரும் என்றாலும் பாதகமில்லை: அடர்ந்த மர நிழலின் ஓரத்தில், முகம் திறந்த வெளியைப் பார்க்க நிறுத்தினால் முகத்தில் வெளிச்சம் சீராக விழும், கண் கூசாது.

இடத்தைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஊஞ்சலும் சறுக்குமரமும் கண்ணில் படும் இடத்தில் நிற்காதீர்கள். முடிந்ததும் ஊஞ்சலுக்குப் போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடி போங்கள். அவள் சிரித்தாளா இல்லையா என்பதற்கும் ஊஞ்சலுக்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது. "சிரித்தால்தான் ஊஞ்சல்" என்றால் அது மறுபடியும் பரீட்சை ஆகிவிடும், மறுபடியும் அந்தப் பல்லைக் கடித்த முகம்.

துணிக்கு இவ்வளவு போதும்: புதுத் துணியாக இருந்தால் ஒருமுறை துவைத்து, வீட்டில் அரை நாள் போட்டுவிடுங்கள். குத்துகிறதா, கழுத்து இறுக்குகிறதா, செருப்பு கடிக்கிறதா என்று அன்றே தெரிந்துவிடும். கண்ணைப் பறிக்கும் பச்சை, இளஞ்சிவப்பு நிறங்கள் வெயிலில் தாடைக்கு அடியில் பிரதிபலித்து முகத்தின் நிறத்தையே மாற்றும். மிக நெருக்கமான மெல்லிய கோடுகள் டிஜிட்டல் படத்தில் அலை அலையாகத் தெரியலாம். எல்லோரும் ஒரே நிறத்தில் வர வேண்டிய அவசியம் இல்லை, ஒன்றோடொன்று சண்டை போடாத நிறங்களாக இருந்தால் போதும். மாற்றுத்துணி ஒரு ஜோடி, தண்ணீர், ஈரத்துணி, வாயில் கறை ஒட்டாத தின்பண்டம், மகன் வழக்கமாகக் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை. பொம்மை படத்தில் வந்தால் வரட்டும்.

கணவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்மேல் கோபப்பட வேண்டாம். பெரும்பாலான செஷன்களில் அப்பாவுக்கு வேலையே இருக்காது. "இங்கே நில்லுங்கள், அங்கே நில்லுங்கள்" என்பதைத் தவிர யாரும் அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. பொறுமை போகாமல் என்ன செய்யும்? உப்புமூட்டை, தட்டாமாலை, மகனைத் தோளில் ஏற்றுவது எல்லாவற்றையும் அவர் பொறுப்பில் விடுங்கள். மொத்தம் எவ்வளவு நேரம் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். இந்த வயதுக் குழந்தைகள் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் எடுக்க மாட்டேன். அப்புறம், எந்தப் படம் கட்டாயம் வேண்டும் என்று இருவரும் வீட்டிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். எல்லோரும் சேர்ந்து ஒன்று, குழந்தைகள் இருவரும் ஒன்று, தாத்தா பாட்டியோடு ஒன்று. இந்த மூன்றும் வந்துவிட்டால் வந்த வேலை முடிந்தது என்று அவருக்குத் தெரிந்தால் முகம் தளர்ந்துவிடும். அவர் முகமும் படத்தில் வருமே.

அழுகை வந்தால்? வரும், எதிர்பார்த்தே போங்கள். அழும் குழந்தையைச் சுற்றி ஆறு பேர் நின்று சமாதானம் சொன்னால் அழுகை கூடும். உங்களில் ஒருவர் மட்டும் அவளையோ அவனையோ தூக்கிக்கொண்டு, மற்றவர்கள் கண்ணில் படாத தூரம் நடந்து போங்கள். தண்ணீர் கொடுங்கள், ஒரு இலையையோ எறும்பையோ காட்டுங்கள், கேமரா பேச்சை எடுக்காதீர்கள். அதற்குள் போட்டோகிராபர் மற்ற குழந்தையை எடுத்துக்கொண்டிருப்பார். ஐந்து நிமிட அழுகையால் ஒரு செஷன் கெடாது. அந்த ஐந்து நிமிடத்தில் பெரியவர்கள் ஒருவரையொருவர் கடிந்துகொண்டால்தான் கெடும்.

இந்த வாரமே போட்டோகிராபருக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்புங்கள். குழந்தைகளை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள், எதைக் கேட்டால் சிரிப்பார்கள், எதற்குப் பயப்படுவார்கள், மகன் பழக நேரமாகும், மகளிடம் "சிரி" என்று சொல்ல வேண்டாம், மாமனார் மாமியாரால் எவ்வளவு நேரம் நிற்க முடியும். இவ்வளவும் எழுதுங்கள். அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சலோ, முந்தின இரவு தூக்கம் கெட்டுப்போயோ இருந்தால் தேதியை மாற்ற முடியுமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். மாற்ற முடியும் என்று சொன்னால், தேவைப்படும்போது தயங்காமல் மாற்றுங்கள். முடியாது என்றால், ஒரு மணி நேரம் தள்ளியாவது ஆரம்பிக்கலாமா என்று பேசி வையுங்கள்.